ஆன்டிபாடியைச் சோதித்தீர்களா?

கே: ஆய்வகத்தில் 'டிம்-3 ஆன்டிபாடி' என்று ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்து, "டி செல்லில் இது இருக்கிறதா, பார்" என்கிறார் வழிகாட்டி. டிம்-3 என்பது என்ன? அதை ஏன் பார்க்க வேண்டும்?
– முதுநிலை மாணவி, மோகனூர்

ப: கிருமி புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் தேடிப்போய் அழிப்பது டி செல்லின் வேலை. வேலை முடிந்ததும் அது அடங்கவும் வேண்டும். அடங்காவிட்டால் சொந்த உடம்பையே தாக்கும். மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்கு பிரேக் எவ்வளவு அவசியமோ, டி செல்லுக்கும் அவ்வளவு அவசியம். சிடிஎல்ஏ-4, பிடி-1, லாக்-3, டிம்-3 எல்லாமே அப்படிப்பட்ட பிரேக்குகள்தான். டி செல்லின் மேற்பரப்பில் முளைக்கும் ஏற்பிப் புரதங்கள் இவை.

நோய் சீக்கிரம் தீர்ந்துவிட்டால் இந்த ஏற்பிகளும் குறைந்துவிடும். தீராத கிருமித் தொற்றிலும் புற்றுக்கட்டியிலும் எதிரி போவதே இல்லை. அதனால் பிரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. கடைசியில், இருந்தும் வேலை செய்யாத 'களைத்த டி செல்' மிஞ்சுகிறது. ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமதுவின் குழு 2006இல் எலிகளிடம் இதைக் காட்டியது: களைத்த டி செல்களில் பிடி-1 நிறைய இருக்கிறது, அதை மறித்தால் அவை மறுபடி எழுகின்றன. பிடி-1, டிம்-3 இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் செல்கள்தான் கட்டிக்குள் மிக மோசமாகக் களைத்தவை என்பது 2010இல் தெரிந்தது. உங்கள் வழிகாட்டி கேட்பது அதைத்தான். செல் உயிரோடு இருக்கிறது, சரி. அது எந்த நிலையில் இருக்கிறது?


கே: டிம்-3யைக் கண்டுபிடித்தவர் இந்தியராமே?
– ஆசிரியர், பரமத்தி வேலூர்

ப: ஆமாம், விஜய் குச்ரூ. அவர் படித்தது கால்நடை மருத்துவம் என்பது இன்னும் சுவையான செய்தி. ஹரியானாவின் ஹிசார் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியலில் முனைவரானார். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் நிலைகொண்டார்.

அவர் குழு தேடியது பிரேக்கை அல்ல. உதவி டி செல்களில் டிஎச்1, டிஎச்2 என்று இரு வகை உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்ட மேற்பரப்பில் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. சுண்டெலியின் டிஎச்1 செல்களை, 'ராட்' என்னும் பெரிய இனத்து ஆய்வக எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவற்றின் உடலில் உண்டான ஆன்டிபாடிகளை ஆயிரக்கணக்கில் தனித்தனியாகப் பிரித்து, டிஎச்1இல் ஒட்டி டிஎச்2இல் ஒட்டாதது எது என்று சலித்தார்கள். அப்படி ஒட்டியதைப் பிடித்துக்கொண்டு, அது எதன்மேல் ஒட்டுகிறது என்று போய்ப் பார்த்தபோது கிடைத்தது டிம்-3. ஆண்டு 2002. அது தடுக்கும் ஏற்பி என்பது அதற்குப் பிறகுதான் தெளிவானது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது ஆன்டிபாடி, ஏற்பி பின்னால் வந்தது. ஆய்வக ஆன்டிபாடியை வெறும் கடைச்சரக்காக நினைப்பவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி இது.


கே: பிளஸ் டூ உயிரியல் படிக்கிறேன். கால்நடை மருத்துவம் படித்தால் மாட்டுக்கும் கோழிக்கும் வைத்தியம் பார்ப்பதோடு முடிந்துவிடும் என்கிறார்கள் வீட்டில். உண்மையா?
– மாணவர், வளையப்பட்டி

ப: மாட்டுக்கும் கோழிக்கும் வைத்தியம் பார்ப்பதே பெரிய வேலை. நாமக்கல் மாவட்டத்தின் சோறு அதில் இருக்கிறது. அதோடு முடிந்துவிடாது என்பதற்கு மேலே சொன்ன குச்ரூவே போதும். மோகனூர் சாலையிலேயே 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒருநாள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்டுப் பாருங்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் அல்ல. இது தெரியாமலே பல பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள்.


கே: முப்பது வருஷமா முட்டைக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறனுங்க. புற்றுநோய் ஆராய்ச்சியில கோழிக்கு என்னங்க வேலை?
– பண்ணையாளர், மோகனூர்

ப: கோழி இல்லாவிட்டால் இந்தத் துறைக்குப் பாதி அகராதியே கிடையாது. ஆன்டிபாடியைச் சுரப்பது பி செல். அந்தப் 'பி' வந்தது கோழியின் பர்சாவிலிருந்து. உங்களுக்கு அந்த உறுப்பை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கும்போரோ நோய் வந்த கோழியை டாக்டர் அறுத்துப் பார்க்கும்போது, வாலுக்கு அடியில், எச்சத் துவாரத்துக்கு மேலே வீங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பாரே, அதுதான்.

1950களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், பர்சா எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கோழிக்குஞ்சுகளிலிருந்து அதை வெட்டி எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். டிமதி சாங் என்ற சக மாணவருக்கு, கோழியில் ஆன்டிபாடி உண்டாவதை வகுப்பில் காட்ட வேண்டியிருந்தது. கிளிக்கிடம் கோழிகளை இரவல் வாங்கி, சால்மொனெல்லா ஊசி போட்டுக் காத்திருந்தார். பல கோழிகளில் ஆன்டிபாடியே வரவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தால், வராதவை பர்சா எடுத்த கோழிகள்! பெரிய அறிவியல் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956இல் கோழி அறிவியலுக்கான இதழ்தான் அதை வெளியிட்டது. நோயெதிர்ப்பு மண்டலத்தில் பி செல், டி செல் என்று இரண்டு பிரிவு உண்டு என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்தது. தோற்றுப்போன ஒரு வகுப்புப் பரிசோதனையைத் தூக்கிப் போடாமல் 'ஏன்' என்று கேட்ட இருவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.


கே: கோழிக்கும் அந்த பிரேக் உண்டா?
– அதே பண்ணையிலிருந்து, மகள்

ப: உண்டு. கோழிக்கும் பிடி-1 இருக்கிறது. ஒரு நாள் குஞ்சுக்கு மேரக்ஸ் தடுப்பூசி போட்டு வாங்குகிறீர்களே, அந்த மேரக்ஸ் என்பது வைரஸால் வரும் டி செல் புற்று. அந்நோய் முற்றிய கோழிகளில் பிடி-1, அதோடு இணையும் பிடி-எல்1 இரண்டும் கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புற்று, மனிதனிடம் செய்யும் தந்திரத்தையே கோழியிடமும் செய்கிறது.


கே: கோழி ஆன்டிபாடி தயாரிக்கும் என்றால், நம் ஊர் முட்டையிலிருந்தே இந்த ஆய்வக ஆன்டிபாடிகளை எடுத்துவிடலாமே? எதற்கு வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும்?
– சிறு தொழில் முனைவோர், நாமக்கல்

ப: நல்ல கேள்வி. ஆசை வார்த்தை இல்லாமல் பதில் சொல்கிறேன்.

முடியும். தாய்க்கோழி தன் ஆன்டிபாடியை மஞ்சள் கருவுக்குள் வைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிறது என்பதை 1893இலேயே ஃபெலிக்ஸ் கிளெம்பரர் காட்டிவிட்டார். ஒரு முட்டையின் மஞ்சளில் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் ஐஜிஒய் ஆன்டிபாடி இருக்கும். முயலைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, முட்டையைப் பொறுக்கினால் போதும். இன்னொரு பெரிய வசதியும் உண்டு. எலிக்கும் மனிதனுக்கும் பல புரதங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், எலியின் உடல் அவற்றை அந்நியமாகவே எண்ணாது. கோழி பாலூட்டிகளிடமிருந்து வெகுதூரம் விலகிய இனம். மனிதப் புரதத்தைச் செலுத்தினால் சட்டென்று எதிர்ப்பு காட்டும்.

இனி தடைகளைப் பார்ப்போம். அந்த மஞ்சளில் இருக்கும் ஆன்டிபாடியில் பெரும்பகுதி கோழி தன் வாழ்நாளில் சந்தித்த மற்ற கிருமிகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் எதிரானது. உங்களுக்கு வேண்டியது அதில் சிறு பங்குதான். ஒரு கோழியின் முட்டை இன்னொரு கோழியின் முட்டையைப் போல இருக்காது. அந்தக் கோழி செத்தால் அதே சரக்கு மறுபடி கிடைக்காது. எப்போது எடுத்தாலும் அச்சாக ஒன்றே வேண்டுமானால் ஒரே செல்லின் வழித்தோன்றல்களிலிருந்து ஆன்டிபாடி எடுக்க வேண்டும். அந்த வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். 1984இல் நோபல் கிடைத்தது. அவர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால்தான் உலகமே அதைக் கையாள முடிந்தது.

முட்டை இங்கே இருக்கிறது, கல்லூரி இங்கே இருக்கிறது. இல்லாதது, எடுத்த ஆன்டிபாடி சரியாக ஒட்டுகிறதா என்று இரக்கமில்லாமல் சோதிக்கும் கூடம். அதிலிருந்து தொடங்குங்கள். விற்பனை பிறகு.


கே: அப்படியென்றால் முட்டை சாப்பிட்டால் புற்றுநோய்க்கு எதிர்ப்பு வருமா?
– மோகனூர் வாசகர்

ப: வராது. வயிற்றுக்குள் போன ஆன்டிபாடி மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். முட்டையை அதன் சத்துக்காகச் சாப்பிடுங்கள். அந்த ஒரு காரணமே போதும்.


கே: குப்பி வந்துவிட்டது. அது டிம்-3யில்தான் ஒட்டுகிறது என்று எப்படி உறுதி செய்வது? கம்பெனியின் தாளில் அழகான படம் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?
– ஆய்வு மாணவர், ராசிபுரம்

ப: போதாது. இந்தப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே கொடுத்திருப்பேன்.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 65 புரதங்களுக்காகச் சந்தையில் விற்கும் 614 ஆன்டிபாடிகளை எடுத்து, அந்தப் புரதமே இல்லாதபடி மரபணு நீக்கிய செல்களை அருகில் வைத்துச் சோதித்தார்கள். புரதம் இல்லாத செல்லிலும் ஒட்டினால் அந்த ஆன்டிபாடி பொய் சொல்கிறது என்று அர்த்தம். பல ஆன்டிபாடிகள் அதில் தேறவில்லை. தேறாத ஆன்டிபாடிகளைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக 12 இருந்தன. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு மாணவரின் ஆண்டுகள் இருக்கின்றன. பொதுப்பணம் இருக்கிறது. அதை நம்பி அடுத்த படி எடுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவு. ஓய்வில் இருக்கும் டி செல்லில் டிம்-3 சொற்பம், தூண்டப்பட்ட செல்லில் அதிகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மோனோசைட், டென்ட்ரைட்டிக் செல்களிலும் டிம்-3 உண்டு, ஆகவே சிடி3 சாயம் சேர்த்து டி செல்லை முதலில் தனியே பிரியுங்கள். செத்த செல் எதையும் தன்மேல் ஒட்டிக்கொள்ளும், அதைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைச் சேர்க்காமல் ஃப்ளோ சைட்டோமீட்டர் பக்கமே போகாதீர்கள். ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும் ஏற்பிகள் சில செல்களில் இருக்கின்றன, அவற்றை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். மற்ற எல்லா நிறங்களும் இருந்து டிம்-3 நிறம் மட்டும் இல்லாத ஒரு குழாயையும் ஓட்டுங்கள். 'இருக்கிறது', 'இல்லை' என்று எங்கே கோடு போடுவது என்பதை அது சொல்லும். டிம்-3 மரபணுவை நீக்கிய செல் எங்காவது கிடைத்தால், கெஞ்சியாவது வாங்குங்கள். அதற்கு மேல் சாட்சி இல்லை.

மனித டிம்-3க்கான ஆன்டிபாடி எலியிலோ மாட்டிலோ ஒட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாளில் எந்த இனம் எழுதியிருக்கிறதோ அதுதான். எழுதாத இனத்துக்கு நீங்களே நிரூபிக்க வேண்டும்.


கே: மின்வெட்டில் குப்பி கெட்டுப்போகுமே என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். பரவாயில்லையா?
– ஆய்வக உதவியாளர், திருச்செங்கோடு

ப: சாயம் சேர்த்த ஆன்டிபாடியை உறையவைக்கக் கூடாது. பி.ஈ. போன்ற சாயங்கள் உறைந்தால் ஒளியை இழந்துவிடும். 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள். நாலைந்து மணி நேர மின்வெட்டை, திறக்காத ஃப்ரிட்ஜ் தாங்கும். உறைந்த குப்பியை உறையாத குப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். சில பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குதான். தவறான முடிவு அதைவிட விலை அதிகம்.


கே: நிவோலுமாப் ஊசி போட்டுக்கொண்ட நோயாளியின் ரத்தத்தில் பிடி-1 பார்த்தோம். காணாமலே போய்விட்டது! மருந்து பிடி-1ஐ அழித்துவிட்டதா?
– தனியார் ஆய்வகத் தொழில்நுட்பர், சேலம்

ப: அவசரப்படாதீர்கள். நிவோலுமாபும் பிடி-1ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிதான். அது ஏற்கனவே போய் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உங்கள் ஆய்வக ஆன்டிபாடிக்கு உட்கார இடமில்லை. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பிடி-1 ஆன்டிபாடிகள் சில அதே இடத்தைத்தான் தேடுகின்றன. ஏற்பி இருக்கிறது, உங்களுக்குத்தான் மறைந்திருக்கிறது. வேறு இடத்தில் ஒட்டும் ஆன்டிபாடியைப் பயன்படுத்துங்கள். அல்லது நிவோலுமாப் ஐஜிஜி4 வகை என்பதால், டி செல்மேல் மனித ஐஜிஜி4 இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இரண்டாவது வழி நம் நாட்டு நோயாளிக்கு எப்படி உதவியது என்று சொல்கிறேன். மருந்து எத்தனை ஏற்பிகளில் உட்கார்ந்திருக்கிறது என்று இப்படி அளந்து பார்த்தபோது, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும் ஏற்பிகள் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நிரம்புவது தெரிந்தது. 2010இல் அந்த முடிவு வெளியானது. ஒரே ஊசிக்குப் பிறகு இரண்டு மாதம் தாண்டியும் அது நீடித்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழுவினர் இந்தத் தடத்தில் நடந்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். அறுபது கிலோ உடம்புக்கு அது கிலோவுக்கு மூன்றில் ஒரு மில்லிகிராம். குணமாக்கும் சிகிச்சைக்கு வழியில்லாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்ற விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். மறுபாதிக்கு அதே மாத்திரைகளோடு 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3 சதவீதம், இரண்டாவது பிரிவில் 43.4 சதவீதம். 2023இல் முடிவு அச்சானது.

புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்று பெருகிய நாட்டில் இது எத்தனை வீடுகளுக்குக் கூடுதல் நாட்களாக மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நகை நட்டை விற்காமல், நிலத்தை அடகு வைக்காமல் போடக்கூடிய ஓர் ஊசி! பெரிய மருந்துக் கம்பெனி எதுவும் தானாக முன்வந்து 'குறைவாகப் போட்டாலும் போதுமா' என்று கேட்காது. அந்தக் கேள்வியைப் பொது மருத்துவமனைதான் கேட்க வேண்டியிருந்தது.


கே: என் தந்தைக்கு வாய்ப் புற்று, முற்றிவிட்டது. நாங்களும் 20 மில்லிகிராம் போடலாமா?
– பெயர் வேண்டாம், மோகனூர் வட்டாரம்

ப: உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இதே சொற்களில் கேளுங்கள்: "டாடா மருத்துவமனையின் குறைந்த அளவு நிவோலுமாப் முறை அப்பாவுக்குப் பொருந்துமா?" கேட்பதில் கூச்சம் வேண்டாம். பொருந்துமா என்பது புற்று இருக்கும் இடம், பரவல், இதற்குமுன் எடுத்த சிகிச்சை எல்லாவற்றையும் பொறுத்தது. போட்ட பிறகு விடாத வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், சொல்லமுடியாத சோர்வு வந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். பிரேக்கை எடுத்ததால் டி செல்கள் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கத் தொடங்கியிருக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் அடக்க முடியும். நீங்கள் நல்ல செய்தியோடு மறுபடி எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.


கே: நுரையீரல் பயாப்ஸி அறிக்கையில் 'பிடி-எல்1, 22சி3, 60 சதவீதம்' என்று இருக்கிறது. வேறு இடத்தில் 'எஸ்பி142' என்று போட்டுக் குறைவாகச் சொன்னார்கள். யாரை நம்புவது?
– வாசகி, கரூர்

ப: இரண்டும் வேறு வேறு ஆன்டிபாடிகள். ஒரே கட்டியை நான்கு ஆன்டிபாடிகளால் சாயமிட்டு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2017இல் வந்தது. 22சி3, 28-8, எஸ்பி263 மூன்றும் நெருங்கிய விடை தந்தன. எஸ்பி142 மட்டும் புற்றுச் செல்களைக் குறைவாகக் காட்டியது. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் அதற்கு முன்னால் இருக்கும் ஆன்டிபாடியின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஒன்றை மறைக்காதீர்கள்.


கே: ஆய்வக டிம்-3 ஆன்டிபாடி மலிவாகக் கிடைத்தால் அதையே மருந்தாகப் போடலாமா?
– வாசகர், வேலகவுண்டம்பட்டி

ப: கூடவே கூடாது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று குப்பியின்மேல் அச்சிட்டிருப்பது சடங்குக்காக அல்ல. அதில் மனித உடம்புக்கு ஆகாத பாதுகாப்பு ரசாயனம் இருக்கலாம். எலியின் புரதம் என்பதால் உடல் கொதித்தெழலாம். டிம்-3யைக் குறிவைத்து முறையாகத் தயாரித்த சபடோலிமாப் என்ற மருந்தே எலும்பு மஜ்ஜை நோய்க்கான சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.


கே: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம் என்று ஊரெல்லாம் பொடி விற்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே?
– இல்லத்தரசி, மோகனூர்

ப: இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே டிம்-3 மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழை இருக்கும். புரதம் சரியாக மடியாமல் செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராது. ஆன்டிபாடி விட்டுப் பார்த்தால் அந்த இடம் காலி. அவர்களில் சிலருக்குத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் டி செல்கள் திரண்டு ஒருவகை லிம்போமா வருகிறது, கூடவே கட்டுக்கடங்காத காய்ச்சலும் அழற்சியும் வரலாம். 2018இல் இது கண்டறியப்பட்டது. எதிர்ப்பாற்றல் அடங்கத் தெரியாமல் போனால் வருவது இதுதான். பொடிக்குக் கொடுக்கும் காசில் கீரையும் முட்டையும் வாங்குங்கள்.


கே: ஆய்வேட்டில் "டிம்-3 ஆன்டிபாடி பயன்படுத்தப்பட்டது" என்று எழுதினால் போதுமா? என் சீனியர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.
– முதல் கேள்வி கேட்ட அதே மாணவி, மோகனூர்

ப: போதாது. தயாரித்த நிறுவனம், குளோன் பெயர், பட்டியல் எண், குப்பியின் லாட் எண், எந்த விலங்கில் உண்டானது, எந்தச் சாயம், எவ்வளவு நீர்த்தல், ஆர்ஆர்ஐடி என்ற பொது அடையாள எண், இத்தனையும் எழுதுங்கள். எந்தக் கட்டுப்பாட்டுக் குழாய்களை ஓட்டினீர்கள் என்பதையும், அவற்றின் படங்களையும் பின்னிணைப்பில் சேருங்கள். ஒட்டாமல் போன ஆன்டிபாடி இருந்தால் அதன் பெயரையும் எழுதுங்கள். அடுத்த வருடம் வரும் மாணவி அதே குப்பிக்குப் பணம் கட்டாமல் இருப்பாள். லாட் எண் குப்பியின் லேபிளில், காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். குப்பி தீர்ந்து வீசிவிடுவதற்கு முன் இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.